ராஜன் கதிர்காமரின் பத்தாண்டு

1950 டிசம்பர் 9இல் அரச இலங்கைக் கடற்படை முறையாக உருவானது. அதன் மாலுமிகளுக்கான தொடக்கக்காலப் பயிற்சி முகாம் மலைநாட்டுத் தியத்தலாவையில் அமைந்திருந்தது என்பது மலையகத்தார் அறியவேண்டிய செய்தியாகும். அப்படையின் தளபதிப் பொறுப்பை 1960 நவம்பரில் ஏற்ற தமிழரான ராஜன் கதிர்காமர், பிற்காலத்தில் வெளிநாட்டமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமரின் தமையனார். 1970 வரை அப்பொறுப்பில் நீடித்த அவர் ரியர் அட்மிரல், அதாவது தமக்கெனத் தனிக்கொடி ஏற்றும் உரிமை பெற்ற உயரதிகாரி, என்னும் தரத்தை எய்தினார்.

அவருக்கு முன் தளபதியாயிருந்த ரொய்ஸ் டி மெல் 1962 ஜனவரியில் அரசைக் கவிழ்க்க நடந்த சதிமுயற்சியில் தொடர்புடையவராகக் குற்றஞ்சாட்டப்பட்டதால், அரசின் ஐயம் கடற்படை முழுவதன்மேலும் படிந்து, கப்பல்கள் விற்கப்பட்டு, ஆட்சேர்ப்பும் ஆண்டுக்கணக்கில் நின்றது. சுருங்கிப்போன படையைச் சிதையவிடாமல் காப்பதே கதிர்காமரின் பெரும்பணியாயிற்று. போரில் வெல்வதினும் இது அரிய செயல்.

அனுமதியின்றி இந்தியாவிலிருந்து வருவோரைத் தடுக்கும் வடகடல் ரோந்து அக்காலக் கடற்படையின் முக்கியக் கடமைகளுள் ஒன்றாய் இருக்க, மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தானது. தமிழர் ஒருவர் நாட்டின் கடலெல்லையைக் காத்த அதே ஆண்டுகளில், அந்நாட்டின் தேயிலையை வளர்த்த தமிழருள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையற்றிருந்தனர் என்பதை வரலாறு பயில்வோர் சேர்த்தே படிக்கவேண்டும்.