பாடியவருக்கு நாம் தரும் இடம்



இன்று கல்லறைத் திருநாள். இங்கே கூடியிருக்கும் பலருக்கு, மெழுகுவர்த்தி ஏற்ற இந்தத் திருப்பூரில் ஒரு கல்லறைகூட இல்லை. பெற்றோர் தூத்துக்குடிப் பக்கமோ சிவகங்கைப் பக்கமோ உறங்குகிறார்கள். சிலருக்கு ஒடிசாவில், ஜார்க்கண்டில். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பியாயிற்று. கம்பெனியில் இன்னொரு லீவு கேட்க முடியாது. சனிக்கிழமைச் சம்பளத்தில் நடக்கும் குடும்பங்களின் நிலை எனக்குத் தெரியும்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனால் கொச்சி. அங்கே மட்டாஞ்சேரியில், வீடுகளுக்கு நடுவே, ஒற்றைக் கல்லறை ஒன்று இருக்கிறது. நெகேமியா மோத்தா என்ற யூதருடையது. வெளியூரிலிருந்து வந்தவர், யேமன் நாட்டுக்காரர் என்பார்கள். எபிரேய மொழியில் இறைவனைப் பாடியவர். கொச்சி யூதர்கள் அவர் பாடல்களைத் தங்கள் வழிபாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். 1615ஆம் ஆண்டு, யூத நாள்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள், ஹனுக்கா என்னும் விளக்குத் திருவிழா தொடங்கும் நாளில் இறந்தார் என்று அந்தக் கல் சொல்கிறது. சுற்றியிருந்த பழைய கல்லறைகள் போய்விட்டன. இது மட்டும் நிற்கிறது. இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவர்களும் அங்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

ஒரு யூதரைப் பற்றி மறையுரையில் ஏன் பேச வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் ஆண்டவரும் அன்னை மரியாவும் தொழுகைக்கூடத்தில் திருப்பாடல்கள் கேட்டு வளர்ந்தவர்கள். கடைசி இரவுணவுக்குப் பின் இயேசுவும் சீடர்களும் புகழ்ப்பாடல் பாடிவிட்டுத்தான் ஒலிவ மலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். பாடுகளுக்கு முன் அவர் வாயிலிருந்த அந்தப் பாட்டு, யூதப் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்தது. 1986இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமைத் தொழுகைக்கூடத்துக்குப் போய், யூதரை நம் மூத்த சகோதரர்கள் என்றார். மூத்தவர் வீட்டு வழக்கத்தை இளையவர் கற்றுக்கொள்வதில் குறையில்லை.

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரயேலுக்குப் புறப்பட்டுப் போனார்கள். தொழுகைக்கூடங்கள் ஆளில்லாமல் நின்றன. கல்லறையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பெண்கள் பாட்டு நோட்டுகளை எடுத்துப்போனார்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அவர்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகள் அந்த நோட்டுகளில் இருந்தன. தாயிடமிருந்து மகள் பார்த்து எழுதிக்கொண்டவை. அந்த நோட்டுகள் காப்பாற்றப்பட்டதால்தான் அந்தப் பாட்டுகள் பிற்பாடு புத்தகமாகவும் இசைப்பதிவாகவும் வர முடிந்தது. புறப்பட்டுப் போகிறவர்களுக்கு எதை மூட்டையில் வைப்பது என்று இந்தப் பெண்கள் காட்டியிருக்கிறார்கள். மூட்டையோடு வந்து இறங்கிய நமக்கு இது நன்றாகவே புரியும்.

விவிலியத்தில் ஆசாபை நினைத்துப் பாருங்கள். தாவீது நியமித்த பாடகர். 12 திருப்பாடல்கள் அவர் பெயரில் இருக்கின்றன. அவரோடு பாடிய ஏமானுக்கு 14 புதல்வர்கள், 3 புதல்வியர் என்று குறிப்பேடு முதல் நூல் கணக்குச் சொல்கிறது. பயிற்சி பெற்ற பாடகர் 288 பேர் என்றும் எழுதி வைத்திருக்கிறது. ஆசாபை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று விவிலியத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சில நூற்றாண்டுகள் கழித்து, எருசலேம் இடிந்து, மக்கள் பாபிலோனுக்குப் போய்த் திரும்பி வரும்போது, எஸ்ரா எழுதும் பட்டியலில் பாடகர்களான ஆசாபின் வழிமரபினர் 128 பேர் நிற்கிறார்கள். புதிய கோவிலுக்கு அடித்தளம் போட்ட நாளில் கைத்தாளங்களோடு முன்னால் நின்றவர்களும் அவர்கள்தான். சுவர் இல்லை, கூரை இல்லை. பாட்டு முதலில் வந்துவிட்டது. நான் பலமுறை வாசித்து மனம் நெகிழ்ந்த இடம் இது.

இனி நம் ஊர்களுக்கு வருவோம். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்த கிராமங்களில் உங்களுக்குச் செபம் சொல்லித்தந்தது யார்? உபதேசியார். சைக்கிளில் வருவார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளையும் வரி வரியாகச் சொல்லவைத்துப் பாடவைப்பார். சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து செபமாலை சொல்வார், பாடுவார். அவருடைய குரலில்தான் பலர் முதன்முதலில் கடவுளைக் கேட்டோம். நம் கோவில்களில் பெஞ்சிலும் ஃபேனிலும் உபயம் என்று பெயர் எழுதியிருக்கிறது. கொடுத்த கைகளை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். பாடக் கற்றுக்கொடுத்த உபதேசியார் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். மூதாதையரைப் புகழும் சீராக்கின் ஞானநூல், ஆட்சி செய்தவர்களோடு சேர்த்து இன்னிசை அமைத்தவர்களையும் புகழ்கிறது.

அதனால் பாடகர் குழு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி வைக்கிறோம். இந்த நவம்பர் மாதம் முழுவதும், உங்களுக்குப் பாடித்தந்தவரின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, கீழே அவர் சொல்லித்தந்த பாட்டை எழுதிக் கொண்டுவாருங்கள். அது உபதேசியாராக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் மெட்டை போனில் பாடிப் பதிந்து குழுவினருக்கு அனுப்பினால் போதும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லித் திருப்பலியில் பாடுவோம்.

இன்று நற்கருணை வாங்கியபின் ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் ஊர் உபதேசியாரின் பாட்டைச் சாத்ரி மொழியில் பாடுவார்கள். இரண்டாவது முறை பாடும்போது எல்லாரும் சேர்ந்துகொள்ளுங்கள்.