பனியும் கேமராவும்

மார்கழிக் கடைசியில் விடியற்காலை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிறவர்களில் பலர், கோயில் சரியாகத் தெரியவில்லையே என்று சலித்துக்கொள்கிறார்கள். கேமராவும் அவர்கள் கட்சிதான். எதிரே இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணக்கில்தான் அது வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளை வெளேரென்று பனி நின்றால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணிப் படத்தை இருட்டடித்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வைத்தால்தான் பனி பனியாக விழும். ஃபிளாஷ் கூடாது, அந்த ஒளி நீர்த்துளிகளில் பட்டு நம் பக்கமே திரும்பும். செல்போனில் படத்தைத் 'தெளிவாக்கும்' வசதியையும் தொடாமலிருப்பது நல்லது. எதை எடுக்க வந்தோமோ அதைத்தான் அது துடைக்கப் பார்க்கும்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலைச் சுற்றி இன்று வேலி, அறிவிப்புப் பலகை, கூட்டம். பனி அத்தனையையும் மறைத்து, விமானத்தின் வெளிக்கோட்டை மட்டும் விட்டுவைக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தக் கோடு மட்டும் இருந்தால் படம் வெறிச்சென்று இருக்கும். வடக்கே மீனவர்கள் கரையேற்றி வைத்திருக்கும் படகு ஒன்றின் அணியம் முன்னால் வரும்படி நில்லுங்கள். ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும்போதும் அதன் விளிம்புதான் கைகொடுக்கும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவைத் திறக்காதீர்கள், குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். மார்கழியிலும் ஏசி போடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்!

போகியன்று புகையும் சேர்ந்துகொள்ளும். 2018 போகியில் சென்னையில் பல விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. அது புகைப்படத்துக்கு ஆகலாம், நெஞ்சுக்கு ஆகாது.

உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பனியைப் படமெடுக்க இருட்டிலேயே வண்டியை எடுத்து, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடலுக்கு ஓடுகிறார்கள். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும்; கடல் தன் சூட்டை அவ்வளவு எளிதில் விடாது. அதனால் ஈர வயலிலும் ஏரிக்கரையிலும் பிடிக்கிற பனி, கடலோரத்தில் பெரும்பாலும் மெலிந்துதான் கிடைக்கும். அலையும் படகும்தான் வேண்டுமென்றால் போகட்டும். பனிதான் வேண்டுமென்றால் உத்திரமேரூர் ஏரிக்கரைக்கு நடந்தே போகலாம், பெட்ரோலும் மிச்சம்.