பற்றுதலும் பயணமும்

இறைவனை அடைய உயிர் தானும் முயல வேண்டுமா, அவன் தூக்கிச் செல்வதைத் தடுக்காமல் இருந்தாலே போதுமா என்ற வினாவில் தமிழக வைணவம் வடகலை, தென்கலை எனக் கருத்து வேறுபட்டது. தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலைக்கும் (மர்க்கட நியாயம்), தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைத் தென்கலைக்கும் (மார்ஜார நியாயம்) உவமை சொல்வது மரபு. இவ்விரு குட்டிகளையும் அன்றாடப் பயணத்திலும் காணலாம். பேருந்தைவிட ரயிலைப் பயணிகள் விரும்புவதற்குக் கட்டணக் குறைவும் நெரிசலில் சிக்காத தடமும் காரணங்கள் என்பது மெய்யே. ஆனால் மனத்தில் உறையும் காரணத்தை இவ்வுவமைதான் விளக்குகிறது.

மரக்காணம் உப்பளங்களுக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட பிரம்மதேசத்தில் ரயில் நிலையம் இல்லை. அங்கிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பவர், வேகத்தடைக்கு முன்பே முழங்காலைத் தளர்த்தி, நடத்துநரிடம் சில்லறை வாங்க ஒரு கையை விட்டு, மறுகையை இன்னும் இறுக்குகிறார். அவர் கவனமெல்லாம் விழாமல் இருப்பதிலேயே செலவாகிறது. திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயிலேறி இடம் பிடித்தவரோ, மேல்மருவத்தூரில் செவ்வாடைப் பக்தர்கள் ஏறுவதைக்கூட அறியாமல் ஜன்னல் கம்பியில் தலைசாய்த்து உறங்கிவிடுகிறார். ஓட்டுநர் நினைத்த பக்கம் திருப்புவதற்கு ரயிலில் ஸ்டியரிங்கே இல்லை என்பதுதான் அவ்வுறக்கத்தின் ஆதாரம். (செங்கல்பட்டுக்கு அப்பால் மின்ரயில் வாசலில் தொங்குவோர் மீண்டும் குரங்குக் குட்டிகளாவது வேறு கதை.)

ஆயினும் ரயிலுக்கே முழு வெற்றி என்று தீர்ப்பெழுத இயலாது. இறைவனிடம் பரத்துவம் எனும் எட்டாத உயர்வையும், சௌலப்பியம் எனும் எளியவர்க்கும் எட்டும் தன்மையையும் வைணவர் ஒருசேரப் போற்றுவர். எவருக்காகவும் காத்திராத ரயில் முன்னதை ஒத்தது என்றால், உப்பள வேலை முடிந்து கூடையோடு வருபவள் கைகாட்டினால் வழியிலும் நின்றுவிடும் டவுன் பஸ் பின்னதை ஒத்தது.

கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த வடகலை ஆசாரியர் வேதாந்த தேசிகர் (1268–1369), அருளே முதற்காரணம் என்று ஒப்பியும், அது பாய்வதற்கு உயிரிடமிருந்து ஒரு வியாஜம், அதாவது சிறு சாக்கு வேண்டும் என்றார். தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியரோ உயிரின் செயல் எதையும் வழியாகக் கொள்ளவில்லை. பிரம்மதேசத்தாரைப் பொறுத்தவரை நியாயம் தேசிகர் பக்கமே இருக்கிறது: ரயிலில் பூனைக் குட்டியாக உறங்குவதற்கு, அவர்கள் முதலில் திண்டிவனம் வரை கம்பியைப் பிடித்து நின்றாக வேண்டும்.