சார்ந்ததன் வண்ணம்

ஒரு பொருளுக்குத் தன்னியல்பு என்று ஒன்று உண்டா, அல்லது அது எதைச் சார்கிறதோ அதுதான் அதன் இயல்பா? இந்தக் கேள்விக்குப் பௌத்த அறிஞர் நாகார்ஜுனரின் மாத்யமிகம் தயங்காமல் விடை சொன்னது: எதற்கும் தன்னியல்பு கிடையாது, எல்லாம் சார்பில் தோன்றுபவை. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை மூலமாகக் கொண்டு 13ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் வேரூன்றிய சைவ சித்தாந்தம் வேறு வழியில் சென்றது. உயிர் என்றும் உள்ள பொருள். ஆயினும் சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு. தன்னைப் பிணிக்கும் அழுக்கான மலத்தைச் சார்ந்து நின்றால் மலத்தின் வண்ணம், சிவத்தைச் சார்ந்து நின்றால் சிவத்தின் வண்ணம். இதில் முரண் இருப்பதாக ஒருவர் வாதிடலாம்: தன்னியல்பு உண்டென்றால் சார்பால் மாறக் கூடாது, மாறுகிறதென்றால் தன்னியல்பு என்ற பேச்சே வீண். இந்த வாதம் நிற்காது என்பதே என் கருத்து. அதற்கான சான்றைக் கோயில் வாசலில் தேட வேண்டியதில்லை. இசைத்தட்டு கேட்பவர்கள் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள், முள்ளின் அசைவை மின்குறிகையாக்கும் கார்ட்ரிட்ஜ், அந்தக் குறிகையைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் மூன்றையும் பொருத்தும் வேலையிலேயே அது கிடைக்கிறது.

முதலில் இசைத்தட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் வரிப்பள்ளத்தில் இசை அப்படியே பதிந்திருக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெட்டும்போதே தாழ்ந்த சுருதிகள் அடக்கப்படுகின்றன, உயர்ந்தவை தூக்கப்படுகின்றன. கேள்புலனின் கீழ் எல்லையில் ஏறத்தாழ 20 டெசிபல் குறைப்பு, மேல் எல்லையில் ஏறத்தாழ அதே அளவு கூட்டல். அதாவது ஒரு பக்கம் பத்தில் ஒரு பங்கு, மறுபக்கம் பத்து மடங்கு. அடக்காவிட்டால் தாழ்ந்த சுருதிகளுக்குப் பள்ளம் அகன்று தட்டில் இடம் போதாது. தூக்காவிட்டால் உயர்ந்த சுருதிகள் தட்டின் இரைச்சலில் அமிழ்ந்துபோகும். திரும்ப ஒலிக்கும்போது இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாக்குவதுதான் ஃபோனோ ப்ரீஆம்பின் முதல் கடமை. 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலின் சங்கமான ஆர்ஐஏஏ இதற்கு ஒரு பொது வரைவை வகுத்தது. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு வரைவு இருந்தது. ஆக, தட்டில் ஒன்று உறுதியாகப் பதிந்திருக்கிறது. ஆனால் அதை முறைப்படி அவிழ்க்கும் மற்றொன்றைச் சாராமல் அது இசையாவதில்லை.

கார்ட்ரிட்ஜில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகையில் சுருளின் மின்தூண்டல் அரை ஹென்றி அளவில் இருப்பது வழக்கம். ப்ரீஆம்ப் தரும் சுமை 47,000 ஓம். இவற்றோடு கம்பியின் மின்தேக்கமும் ப்ரீஆம்ப் உள்ளீட்டின் மின்தேக்கமும் சேர்கின்றன. அந்தக் கூட்டுத்தொகை 150 பிகோஃபாரட் என்றால், மின்பக்கக் கணக்கின்படி ஒத்ததிர்வு 18,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போய்விடும். ஒலி ஏறக்குறையச் சமமாக நிற்கும். அதே கார்ட்ரிட்ஜுக்கு 500 பிகோஃபாரட் வாய்த்தால் 9,000 ஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 4 டெசிபல் மேடு எழுந்து, அதற்கு மேல் ஒலி வேகமாகச் சரியும். முள் மாறவில்லை, காந்தம் மாறவில்லை. நீளமான கம்பி ஒன்றே இதற்குப் போதும். ‘இந்தக் கார்ட்ரிட்ஜ் காதைக் குத்துகிறது’ என்று ஒருவரும், ‘இதமாக இருக்கிறது’ என்று இன்னொருவரும் சொன்னால் இருவர் சொல்வதும் மெய்யாக இருக்க முடியும். சுருள் அசையும் மூவிங் காயில் வகையைச் சேர்ந்த டெனான் டிஎல்-103 தருவது வெறும் 0.3 மில்லிவோல்ட். நூறு மடங்கு பெருக்கும் சாதாரண உள்ளீட்டில் அது முனகும்; ஆயிரம் மடங்கு பெருக்கும் உள்ளீட்டில் தலைநிமிரும். அதன் முள்தண்டைத் தாங்கும் பிடிப்பு விறைப்பானது என்பதால், கார்ட்ரிட்ஜைச் சுமக்கும் டோன்ஆர்ம் கனமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நெகிழ்வான பிடிப்புள்ள கார்ட்ரிட்ஜுக்கு அதே கனம் கேடு, ஒத்ததிர்வு கீழிறங்கித் தட்டின் நெளிவோடு மோதும்.

இதைக் கேட்ட மாத்யமிகர், ‘நான் சொன்னதுதானே இது! தன்னியல்பு எங்கே இருக்கிறது?’ என்று கேட்கலாம். தயாரிப்பாளரின் விவரத்தாள்கூட அவர் பக்கம் பேசுவது போலத் தோன்றும்: வெளியீட்டு அளவைத் தட்டின் பள்ளத்தில் முள் அசையும் குறிப்பிட்ட வேகத்தோடு சேர்த்தே அது தருகிறது, உடன் ‘பரிந்துரைக்கும் சுமை’ என்று ஒரு வரியும் உண்டு. ஆனால் அதே தாளில் சுருளின் மின்தடையும் மின்தூண்டலும் யாரையும் துணைக்கு அழைக்காமல் நிற்கின்றன. அவையும் கம்பியாலும் சுற்றாலும் வந்தவைதாமே என்பது அடுத்த தடை. வந்த வழியில் சார்பு உண்டு என்பது சரி; வெளிப்படும் வழியில் உள்ள சார்பு அதிலிருந்து வேறு. எப்படி உண்டாயிற்று என்பதற்கான விடை, உண்டானபின் அதற்கு நிலையான கூறு இல்லை என்று நிறுவாது. அந்த நிலையான அரை ஹென்றி இல்லாவிட்டால் 150க்கும் 500க்கும் இடையே வேறுபாடு வருவதற்கே வழியில்லை. சார்பு வேலை செய்வதற்குச் சார்கின்ற ஒன்று வேண்டும்.

எதிர்த்திசையிலிருந்தும் தடை வரும்: எல்லாம் பொருத்தம் என்றால் கெட்ட பொருள் என்று எதுவுமே இல்லையா? உண்டு. தேய்ந்த முள் எந்த ப்ரீஆம்போடு சேர்ந்தாலும் தட்டை அரிக்கும். சார்ந்ததன் வண்ணமாகும் என்றால் எதுவும் எதுவாகவும் ஆகிவிடும் என்று பொருளில்லை. சித்தாந்திகள் காட்டும் படிகம் அருகிலுள்ள நிறத்தை ஏற்கும், களிமண் ஏற்காது. எவ்வளவு ஏற்கலாம் என்ற வரம்பைத் தன்னியல்பு போடுகிறது, அந்த வரம்புக்குள் எது வெளிப்படும் என்பதைச் சார்பு தீர்மானிக்கிறது. இதெல்லாம் அவரவர் ரசனை என்று தள்ளிவிடவும் முடியாது. 4 டெசிபல் மேட்டை ஒருவர் விரும்பலாம். அது அங்கே இருப்பது அவர் விருப்பத்தால் அல்ல.

கடைசித் தடைதான் வலுவானது. கார்ட்ரிட்ஜ் சடம், உயிர் அறிவுடையது. சடத்தை வைத்து உயிரின் இயல்பை நிறுவலாமா? நிறுவ முடியாது, நான் நிறுவ முயலவும் இல்லை. உயிர் உண்டா, அது எதைச் சார வேண்டும் என்பவை வேறு அளவைகளால் தீர வேண்டியவை. ‘நிலையான இயல்பும் சார்பால் வரும் வண்ணமும் ஒரே பொருளில் இருக்கவே முடியாது’ என்ற பொது விதியைத்தான் இங்கே சோதித்தோம். அப்படிப்பட்ட விதியை உடைக்க ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். சித்தாந்தம் மெய்யா என்பது இனியும் வாதத்துக்குரியது. ஆனால் இந்த முரணைக் காட்டி அதைத் தள்ளிவிட முடியாது.

இதில் அன்றாடத்துக்கான முடிவும் ஒன்று உண்டு. ‘இது நல்லது’, ‘இவர் உதவாதவர்’ என்று நாம் தரும் தீர்ப்புகளில் பெரும்பாலானவை இன்னதோடு சேர்ந்தபோது என்ற பாதியை விழுங்கிவிட்டவை. மாணவரையோ ஊழியரையோ மட்டம் என்று முடிவு கட்டுமுன், அவர் எதைச் சார்ந்து நின்றபோது அப்படி இருந்தார் என்று கேட்பது கருணை மட்டும் ஆகாது. சரியான தீர்ப்புக்கு அதுவே முதல் நிபந்தனை. சார்பை மாற்றிப் பார்த்தபின்னும் குறை நின்றால், அப்போது குறையைப் பொருளின்மேல் வைக்கலாம்.