அம்மா எந்தப் பக்கத்தில் இருக்கிறார்?

சிறுவர் படக்கதைகளில் அன்பு பெரும்பாலும் தூங்கப்போகும் நேரத்தில்தான் நடக்கிறது. 1994இல் சாம் மெக்பிராட்னி எழுதி உலகமெங்கும் போன ‘கெஸ் ஹவ் மச் ஐ லவ் யூ’விலும் பெரிய முயலும் குட்டி முயலும் கைகளை விரித்து அன்பை அளப்பது படுக்கைக்குப் போகிற வேளையில். எனக்கு மிகவும் பிடித்த புத்தகம் அது. ஆனாலும் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இப்படிப்பட்ட கதைகளைக் காட்டும்போதெல்லாம் மனம் கேட்கிறது: இந்தப் பிள்ளையின் அம்மா எந்தப் பக்கத்தில் இருக்கிறார்?

தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் அன்பு விடியுமுன்னே எழுந்துவிடுகிறது. சின்னக் காம்பராவில் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, தூக்கம் கலையாத குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அம்மா மலைக்கு ஓடுகிறார். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடியோடு மழையில் நின்று பறிப்பதுதான் பிள்ளைக்குக் கொப்பியாகவும் சப்பாத்தாகவும் வந்து சேர்கிறது. கொஞ்சுவதற்கு நேரமில்லாத இந்த அன்பைப் பிள்ளை எப்படி அடையாளம் காணும்? பலருக்கு அது புரியும்போது அம்மாவின் முதுகு வளைந்துவிடுகிறது.

கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படத்துக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் அவர் இருக்கிறார். அவையெல்லாம் வாங்குகிறவர்களுக்கான படங்கள். அவர் பெற்ற பிள்ளைக்காக வரைந்த படம்தான் அரிது. ரூம் டு ரீட் போன்ற அமைப்புகள் இலங்கையில் தமிழிலும் சிறுவர் நூல்கள் வெளியிடுவது நல்ல காரியம். அது மட்டும் போதாது.

வேலையையும் பிள்ளையையும் சேர்த்துச் சொல்வது மலையகத்துக்குப் புதிதுமில்லை. தோட்டத்துத் தாய்மார் தாலாட்டிலேயே மலையையும் கங்காணியையும் பாடியவர்கள். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை நம் நாட்டார் பாடல்களைத் தொகுத்து வைத்ததால் அந்தக் குரல்களில் பல அழியாமல் இருக்கின்றன.

பெற்றோருக்கு நன்றி சொல்லச் சொல்லும் கதைகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தியாகம், தியாகம் என்று சொல்லிச் சொல்லி ஆறு வயதுப் பிள்ளையைக் கடனாளியாக்கிவிடுகிறார்கள். பிள்ளைக்கு அம்மாவின் வேலை தெரியட்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எப்படி அத்தனை வேகத்தில் கிள்ளுகிறார், விரலில் அந்தக் கறுப்புக் கறை எப்படி வந்தது என்றெல்லாம் தெரியட்டும். தெரிந்த பிள்ளை, அந்தியில் வரும் அம்மாவுக்குத் தானாகவே சாயத்தண்ணி கொண்டுவந்து நீட்டும். அதைவிடப் பெரிய நன்றி எனக்குத் தெரியாது. அம்மா வெளிநாட்டில் வீட்டுவேலை செய்ய, அம்மாயியிடம் வளரும் பிள்ளைகளும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு கதை வேண்டும். அதை எழுதுவது இன்னும் கடினம்.

இன்று மலையகப் பள்ளிகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள். அவர்களிடம்தான் கேட்கிறேன்: நீங்கள் எழுதுங்கள், உங்கள் மாணவர்களை வரையச் சொல்லுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் அம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.