மந்தம் எங்கே வசிக்கிறது?

ராஜகிரிக் கோட்டைக் குன்று கண்ணில் படும் தொலைவில், செஞ்சிக் கடைவீதியில் ஒரு புகைப்பட நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்யாணப் படங்களையெல்லாம் ஒரு பொது சர்வரில் சேமித்து, நாலைந்து கணினிகளிலிருந்து எடுத்தாளும் அவ்விடத்தில், திடீரென்று படங்கள் ஏறுவதற்கு ஒரு யுகம் ஆகிறது. குற்றம் யாருடையது என்ற கேள்வி உடனே எழும். அக்கேள்வியே நியாயமானதுதானா என்பது என் சந்தேகம்.

நியாய தரிசனத்தாரான நையாயிகர் நான்கு பிரமாணங்களை, அதாவது அறிவைத் தரும் வழிகளை, ஒப்புக்கொள்வர். ஊழியரின் புகார் சப்தப் பிரமாணம். நம்பத்தக்கதே, ஆனால் காரணத்தைச் சொல்லாது. காரணத்தை அறிய, ஒன்று இருந்தால் மற்றொன்று இருப்பதையும், அது நீங்கினால் இது நீங்குவதையும் பார்க்கும் அன்வய வியதிரேக முறை உண்டு. டிஸ்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் சோதித்து, வினாடிக்கு 110 மெகாபைட் வரவேண்டிய கிகாபிட் இணைப்பில் 11தான் வருகிறது எனக் கண்டால், கேபிளில் ஒரு கம்பி பழுதாகி வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கலாம் என்று அனுமானிக்கிறோம்; கேபிளை மாற்ற, மந்தமும் அகலுகிறது. இவ்விடத்தில் தர்க்க சாஸ்திரத்துக்கே வெற்றி.

ஆனால் கேபிளும் டிஸ்கும் குறைவற்றிருக்க, பிராஸஸர் வேலையின்றிக் கிடக்க, ஒரே பெரிய வீடியோ விரைந்தோட, பத்தாயிரம் சிறு படங்கள் மட்டும் ஊர்ந்து செல்லும் சந்தர்ப்பம் உண்டே, அங்கேதான் விசாரம் ஆழமாகிறது. சர்வர் ஒவ்வொரு கோப்பையும் டிஸ்கில் பதித்து, பதிந்தது என்று பதில் சொன்ன பிறகே அடுத்தது புறப்படும். நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8 மில்லிவினாடிக்கு மேல் எடுத்துக்கொள்வதால், கோப்புக்கு 10 மில்லிவினாடி என்றே கொண்டாலும் காத்திருப்பு மட்டும் 100 வினாடி. நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிர உதவும் என்.எஃப்.எஸ். நெறிமுறையின், 1995இல் வெளியான மூன்றாம் பதிப்பு, எழுதுவதை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு மொத்தமாகப் பதிக்க வழி செய்தது. எனினும் புதுக் கோப்பைப் படைக்கும்போது நேரும் காத்திருப்பு முற்றிலும் ஒழியவில்லை.

குணம் குணியை விட்டுத் தனித்திராது என்பர். எந்த உறுப்பிலும் குறையில்லாதபோது இந்த மந்தம் எந்தத் திரவியத்தின் குணம்? இரு பொருள்களில் ஒருங்கே தங்கும் ஸம்யோகத்தை ஒரு குணமாகவே எண்ணிய வைசேஷிகர், மந்தமும் அவ்வாறே ஒன்றில் மட்டும் தங்காதது என்பதை எளிதில் உணர்ந்திருப்பர். இருபத்துநான்கு தீர்த்தங்கரரைப் பாறையில் செதுக்கிய திருநாதர்குன்று இச்செஞ்சியின் அருகில்தான் இருக்கிறது. அதைச் செதுக்கிய சமணரின் அநேகாந்தவாதமோ, டிஸ்க்காரர் சொல்வதும் நெட்வொர்க்காரர் சொல்வதும் அவரவர் நயத்தில், அதாவது நோக்குநிலையில், மெய்யே என்று கூறும். (எல்லாம் மெய் என்று சொல்லிவிட்டுச் சோதனையைக் கைவிடுபவர் அந்த வாதத்தைத் தம் சோம்பலுக்குக் கேடயமாக்குகிறவரே.)

இத்தனைக்கும் அந்தக் காத்திருப்பைக் குற்றமென்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பதியாததைப் பதிந்தது என்று சொல்லும்படி சர்வரை மாற்றிவிட்டால் வேகம் கிடைக்கும்; மின்சாரம் நின்ற கணத்தில் ஒரு குடும்பத்தின் தாலிகட்டுப் படங்கள் மறைந்துபோகவும் கூடும். மின்தடையைத் தாங்கும் ஓர் எஸ்.எஸ்.டி.யைச் சர்வரில் பொருத்தி, எழுதப்படுவதை முதலில் அதில் பதியச் செய்தால், சத்தியமும் தவறாது, ஊழியரும் நேரத்தோடு வீடு திரும்புவார்.