பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர்

1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மெதடிஸ்டுகள், கூடம் கட்டிய கடனை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி; பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர்; அவர் வீடு வீடாகப் போய் வசூலிப்பார் என்று முடிவாயிற்று. கேப்டன் ஃபாய் என்பவர் மிக ஏழைகளான பதினோரு பேரைத் தம் பொறுப்பில் ஏற்று, அவர்களால் முடியாததைத் தாமே கொடுக்க முன்வந்தார்.

வசூலுக்குப் போனவர்கள் காசோடு வீட்டுச் செய்திகளையும் கொண்டுவந்தார்கள். சபையை விசாரிக்கத் தாம் தேடிய வழி இதுவே என்று மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி கண்டுகொண்டார். வசூல் ஏற்பாடு வாராந்தர வகுப்புக் கூட்டமாக வளர்ந்தது. குருப்பட்டம் இல்லாத கைவினைஞர்களும் பெண்களும் அதை நடத்தினார்கள்.

இன்று கமிட்டி, சங்கம், பண்டிகை, கட்டட நிதி என்று ஓடி ஓய்ந்துபோகும் திருச்சபைகளில், இந்த வகுப்புக் கூட்டத்தை நினைத்து 'சீஷராக்குவதே முதல் வேலை, மற்றதைக் குறையுங்கள்' என்ற குரல் எழுவது நியாயமே. விசுவாசியின் துயரம் தெரியாத போதகர் எத்தனை கூட்டம் நடத்தினாலும் மேய்ப்பராக மாட்டார்.

ஆனால் ஒரே வேலை என்ற இந்த எளிமைக்கு விலை கொடுப்பவர் யார்?

1743இல் நியூகாசில் மெதடிஸ்டு சங்கத்திலிருந்து வெஸ்லி 64 பேரை நீக்கினார். குடிப்பழக்கத்துக்காக 17 பேர். மனைவியை அடித்ததற்காக ஒருவர். அந்த மனைவியின் பக்கம் நின்றது நீதி. ஆனால் 29 பேர் நீக்கப்பட்டது அக்கறையின்மைக்காகவும் விளையாட்டுப்போக்குக்காகவும். தளர்ந்தவரைத் தாங்கத்தானே சிறு குழு? ஒரே நோக்கத்தில் விரையும் சபைக்கு, பின்தங்கியவர் பாரமாகத் தோன்றும் ஆபத்து உண்டு.

நோக்கம் ஒன்றானதால் வெஸ்லியின் இரக்கம் சுருங்கிவிடவில்லை. 1746இல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்தும் சிறு கடனும் கொடுக்க ஏற்பாடு செய்தார். இது அவருக்குப் பெருமை.

அதிகாரம் மட்டும் பரவவில்லை. இறுதித் தீர்மானம் அவர் கையிலேயே இருந்தது. 1791இல் அவர் மறைந்த பின், சபை நிர்வாகத்தில் சாதாரண உறுப்பினருக்கும் பங்கு கேட்டார் மெதடிஸ்டுப் போதகர் அலெக்ஸாண்டர் கில்ஹம். 1796இல் அவர் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டே இயக்கம் பிளந்தது. பன்னிரண்டு பேரின் ஆத்தும விசாரணையை ஒப்படைக்கும் அளவுக்கு நம்பப்பட்டவர்களுக்கு, சபைத் தீர்மானங்களில் பங்கில்லை.

ஆகவே கமிட்டிகளைக் கலைக்கும் சபை, கணக்குக் கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கலைப்பது அநீதி. வகுப்பு நடத்துபவருக்கு வாக்குரிமை வேண்டும். நீக்கப்படுபவர் தம் பக்கத்தைச் சொல்ல அவகாசம் வேண்டும். மெதுவாக வளர்பவருக்கு அடுத்த வாரமும் அதே குழுவில் இடம் வேண்டும்.